பத்து டிவிஷனா, கல்லூரி வகுப்பா? 1944-இல் பாதியில் நின்ற அமெரிக்கப் படைவீரர் கல்வித் திட்டம்

1944 பிப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல், போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சனிடம் இரண்டு வழிகளைச் சொன்னார். 10 டிவிஷன்களையும் (டிவிஷன் என்பது ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட பெரும் படைப்பிரிவு, பட்டாலியன் அதைவிடச் சிறியது) 3 டாங்கி பட்டாலியன்களையும் 26 விமான எதிர்ப்பு பட்டாலியன்களையும் கலைத்து, அந்த ஆட்களை மற்ற பிரிவுகளின் காலியிடங்களுக்கு அனுப்புவது ஒரு வழி. நாடெங்கும் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்த படைவீரர்களை வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்புவது இன்னொரு வழி. பிரான்ஸ் மீதான படையெடுப்புக்கு அப்போது நான்கு மாதம்கூட இல்லை. அந்த நேரத்தில் பத்து டிவிஷன்களைக் கலைக்க எந்த அரசும் சம்மதிக்காது. முடிவு உடனே வந்தது. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 1,10,000 இளைஞர்கள் இயற்பியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு காலாட்படை முகாம்களுக்குப் போனார்கள்.

அவர்கள் படித்துக்கொண்டிருந்த திட்டத்தின் பெயர் 'படைச் சிறப்புப் பயிற்சித் திட்டம்'. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் ஏ.எஸ்.டி.பி. என்பார்கள். இதை நம் ஊர் என்.சி.சி. போல நினைத்துவிடக் கூடாது. என்.சி.சி.யில் இருப்பவர் மாணவர், வாரத்தில் சில மணி நேரம் சீருடை போடுகிறார், அவ்வளவுதான். ஏ.எஸ்.டி.பி.யில் இருந்தவர் முழுநேரப் படைவீரர். கட்டாய ஆள்சேர்ப்பில் வந்து, அடிப்படைப் பயிற்சி முடித்து, மாதம் 50 டாலர் சிப்பாய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ராணுவ உத்தரவின்படி கல்லூரிக்குப் போனவர். அங்கே அவருடைய வேலையே படிப்பதுதான்.

உலகப் போர் உச்சத்தில் இருக்கும்போது ஒரு ராணுவம் தன் ஆட்களில் ஒன்றரை லட்சம் பேரை எதற்காகக் கல்லூரிக்கு அனுப்பியது? அனுப்பியவர்களையே ஓராண்டுக்குள் எதற்காகத் திரும்ப அழைத்தது? இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான் என்பது என் எண்ணம். இந்தப் படிப்பை முடித்தவனை எந்த வேலையில் வைக்கப் போகிறோம் என்று தொடங்கிய நாளிலேயே யாரும் தீர்மானிக்கவில்லை.

1918-இன் அனுபவம்

இந்த யோசனை அமெரிக்காவுக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1918 அக்டோபர் 1 அன்று, 500-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே நாளில் சுமார் 1,40,000 மாணவர்கள் படை உறுதிமொழி எடுத்தார்கள். 'மாணவர் படைப் பயிற்சிப் பிரிவு' என்பது அதன் பெயர். கல்லூரி வளாகங்கள் படைமுகாம்களாக மாறின. நேரம்தான் அதற்கு எதிராக இருந்தது. ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற கொடிய காய்ச்சல் அப்போதுதான் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது, மாணவர்களை நெருக்கமாகத் தங்க வைத்த விடுதிகளையும் அது விடவில்லை. நவம்பர் 11-ஆம் தேதி போரே முடிந்துவிட்டது. டிசம்பரில் எல்லாரையும் விடுவித்தார்கள்.

இரண்டே மாதம் ஓடிய அந்தத் திட்டம் கல்வி உலகில் ஒரு தடத்தை விட்டுப் போனது. மாணவ வீரர்களுக்குக் கட்டாயமாகக் கற்பிக்கப்பட்ட 'போரின் பிரச்சினைகள்' என்ற பாடத்தின் தொடர்ச்சியாகத்தான் கொலம்பியா பல்கலைக்கழகம் 1919-இல் 'சமகால நாகரிகம்' என்ற பொதுப்பாடத்தைத் தொடங்கியது. நூறு ஆண்டு தாண்டி இன்றும் அங்கே அது நடக்கிறது. ராணுவம் விட்டுவிட்டுப் போனதைப் பல்கலைக்கழகம் எடுத்து வளர்த்துக்கொண்ட இந்தக் கதை, இருபத்தைந்து ஆண்டு கழித்து இன்னும் பெரிய அளவில் திரும்ப நடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கல்லூரிகளின் பயம், ராணுவத்தின் தேவை

1942 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் கட்டாய ஆள்சேர்ப்பு வயதை 20-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. கல்லூரிகளுக்கு இது இடி. 18-லிருந்து 22 வரையுள்ள ஆண்கள்தான் அவர்களுடைய மாணவர்கள். பெண்கள் கல்லூரிகளைத் தவிர மற்றவை காலியாகிவிடும் நிலை. கட்டணம் வராவிட்டால் பேராசிரியர்களுக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது? சிறு கல்லூரிகள் பல மூடிவிடுமோ என்ற பேச்சு எழுந்தது. பல்கலைக்கழகத் தலைவர்கள் வாஷிங்டனுக்கு நடையாக நடந்தார்கள். சட்டம் நிறைவேறும் முன்பே, அக்டோபர் 15 அன்று, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் போர்த்துறை, கடற்படை அமைச்சர்கள் இருவருக்கும் கடிதம் எழுதினார்: கல்லூரிகளைப் போருக்கு எப்படி முழுமையாகப் பயன்படுத்தலாம் என்று ஆராயுங்கள் என்று.

ராணுவத்துக்கும் ஒரு நியாயமான கவலை இருந்தது. போர் எத்தனை ஆண்டு போகும் என்று 1942-இல் யாருக்கும் தெரியாது. 18 வயதிலேயே எல்லாரையும் எடுத்துக்கொண்டால் 1946-இல், 47-இல் மருத்துவர்கள் எங்கிருந்து வருவார்கள்? பொறியாளர்கள்? ஜப்பானிய மொழியோ அரபு மொழியோ தெரிந்தவர்கள்? எதிரி நாடுகளைப் பிடித்த பிறகு அங்கே நிர்வாகம் நடத்த ஆட்கள் வேண்டாமா? கிணற்றில் ஊற்றை அடைத்துவிட்டு இறைத்துக்கொண்டே இருக்க முடியாது அல்லவா.

1942 டிசம்பரில் இரு அமைச்சர்களும் கூட்டாகத் திட்டத்தை அறிவித்தார்கள். தரைப்படைக்கு ஏ.எஸ்.டி.பி., கடற்படைக்கு வி-12. தரைப்படைத் திட்டத்தை நடத்தும் பொறுப்பு வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் பேராசிரியர் கர்னல் ஹெர்மன் பியூகெமாவிடம் போனது. மொத்தம் 227 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இதில் சேர்ந்தன. ஒரே நேரத்தில் ஒன்றரை லட்சம் பேர் படிக்கலாம் என்பது இலக்கு. 1943 இறுதியில் சுமார் 1,45,000 பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வாரத்துக்கு 59 மணி நேரம்

இதில் நுழைவது எளிதல்ல. ராணுவத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பொது அறிவுத்திறன் தேர்வு உண்டு, சராசரி மதிப்பெண் 100. அதிகாரி பயிற்சிக்குப் போக 110 போதும். ஏ.எஸ்.டி.பி.க்குக் கொஞ்ச காலத்திலேயே 115 என்று உயர்த்திவிட்டார்கள். அதாவது லெப்டினன்ட் ஆகத் தேவைப்பட்ட மதிப்பெண்ணைவிட இது அதிகம்! இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த கசப்புக்கெல்லாம் இதுவும் ஒரு காரணம்.

பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், உளவியல், அயல்மொழிகளும் அந்தந்தப் பகுதிகள் பற்றிய படிப்பும் என்று பிரித்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் பொறியியலுக்கே போனார்கள். 12 வாரம் ஒரு பருவம், நடுவில் ஒரு வாரம் விடுமுறை, அப்புறம் அடுத்த பருவம். வாரத்தில் 24 மணி நேரம் வகுப்பும் ஆய்வகமும், இன்னொரு 24 மணி நேரம் கண்காணிப்போடு படிப்பு, 5 மணி நேரம் ராணுவப் பயிற்சி, 6 மணி நேரம் உடற்பயிற்சி. கூட்டினால் 59. காலையில் விசில் சத்தத்தில் எழுந்து, அணிவகுத்து உணவுக்கூடத்துக்கும் அங்கிருந்து அணிவகுத்து வகுப்புக்கும் போக வேண்டும். மாணவர் விடுதிகள் நிரம்பிய இடங்களில் உடற்பயிற்சிக் கூடத்திலேயே அடுக்குக் கட்டில்கள் போட்டுப் படுக்க வைத்தார்கள். இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர்கள் போதாமல் மற்ற துறைப் பேராசிரியர்கள் தாங்களே முதலில் படித்துவிட்டு வந்து நடத்திய கல்லூரிகள் உண்டு. தாக்குப்பிடிக்க முடியாமல் தோற்றவர்கள் திரும்ப முகாமுக்குப் போனார்கள்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. குண்டு விழாத இடத்தில், மெத்தையில் படுத்து, படிக்கிற கூட்டம். ஏ.எஸ்.டி.பி. என்ற நான்கு எழுத்துக்கு 'சமாதானம் வரும்வரை எல்லாரும் பத்திரம்' என்று ஒரு கேலி விரிவாக்கம் படைக்குள் புழங்கியது. மகனைப் போருக்கு அனுப்பிய வீடுகள் ஜன்னலில் நீல நட்சத்திரக் கொடி தொங்கவிடுவது அங்கே வழக்கம். 'உன் மகன் கல்லூரியில் இருக்கிறான், கொடியை இறக்கு அம்மா' என்று பாட்டே கட்டிவிட்டார்கள். அந்தப் பாட்டை அந்த மாணவர்களே பாடிக்கொண்டு அணிவகுத்ததும் உண்டு. அவர்களில் பலர் விரும்பி விண்ணப்பித்துக்கூட வந்தவர்கள் அல்ல. மதிப்பெண்ணைப் பார்த்து ராணுவமே அனுப்பியிருந்தது.

யாருக்கு இந்தக் கதவு திறந்தது என்பதையும் சொல்லாமல் போகக் கூடாது. இனவாரியாகப் பிரிந்து கிடந்த படை அது. தரைப்படையில் கறுப்பினத்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தும், ஏ.எஸ்.டி.பி.யில் அவர்களுடைய பங்கு நூற்றுக்கு ஒருவரை எட்டவில்லை. ஹோவார்டு, மெஹாரி போன்ற கறுப்பினக் கல்வி நிறுவனங்களில் மருத்துவம் படித்தவர்களும் இந்தச் சிறு எண்ணிக்கைக்குள்தான் அடங்குவார்கள். ஒழுங்கான பள்ளியே கிடைக்காத பிள்ளைகளிடம் பள்ளிப் படிப்பைச் சோதிக்கும் தேர்வை நீட்டி, 115 வாங்கினால் உள்ளே வரலாம் என்பது என்ன வகைச் சமத்துவம் என்று இன்று படிக்கும்போதும் கோபம் வருகிறது.

மக்நேரின் எதிர்ப்பு

திட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தவர், தரைப்படைக்குள் களத்தில் சண்டையிடும் பிரிவுகளான தரைப்போர்ப் படைகளின் தளபதி லெஸ்லி மக்நேர். லட்சக்கணக்கில் ஆள் பற்றாக்குறையோடு நாம் நிற்கும்போது கல்லூரிக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார்களே என்று குமைந்தார். அவரைப் படிப்புக்கு விரோதி என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அது நியாயமாகாது. அவர் பேச்சில் கனம் இருந்தது.

அமெரிக்கப் படையில் ஆட்களைப் பிரிக்கும் முறை அப்படி அமைந்திருந்தது. மதிப்பெண் அதிகம் வாங்கியவர்களில் பெரும்பகுதியை விமானப்படை எடுத்துக்கொள்ளும். தொழில் தெரிந்தவர்களைத் தொழில்நுட்பப் பிரிவுகள் எடுத்துக்கொள்ளும். மிஞ்சியவர்கள் காலாட்படைக்கு. சண்டையில் சாவதும் காயப்படுவதும் அதிகமாகக் காலாட்படைதான். இரவில் ஒரு ரோந்துக் குழுவை வழிநடத்திக்கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவர வேண்டிய சார்ஜென்டுக்கு மூளை வேண்டாமா? அந்த சார்ஜென்ட் ஆகக்கூடியவனைத்தான் ஏ.எஸ்.டி.பி. தூக்கிக்கொண்டு போகிறது என்பது மக்நேரின் வாதம். இதே மக்நேர் 1944 ஜூலை 25 அன்று நார்மண்டியில், முன்னணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க விமானங்கள் தவறிப்போட்ட குண்டில் இறந்தார்.

மக்நேரிடமும் மற்ற தளபதிகளிடமும் திட்டத்தின் ஆதரவாளர்களால் தெளிவாகச் சொல்ல முடியாத ஒன்று இருந்தது. ஒன்றரை ஆண்டுப் பொறியியல் படிப்பை ஒன்பது மாதத்தில் முடித்த ஒருவனை என்ன செய்வது? முழுப் பொறியாளனாக அவன் ஆகவில்லை. அதிகாரி ஆக்கலாம் என்றால் 1943-இல் அதிகாரி பயிற்சிப் பள்ளிகளே தேவைக்கு மேல் லெப்டினன்டுகளை உருவாக்கிவிட்டிருந்தன. திட்டத்தில் சேர்ந்தால் பதவி உறுதி என்று ராணுவம் எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் வருகிறவன் அப்படித்தான் நம்பினான், சேர்ப்பவர்களும் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை. படைப்பிரிவுகளிடம் 'உங்களுக்கு இப்படிப் படித்த ஆட்கள் எத்தனை பேர் தேவை' என்று கேட்டு அந்தக் கணக்கில் திட்டம் எழவில்லை. கல்லூரிகளில் எத்தனை இடம் இருக்கிறது என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது.

கடற்படை செய்தது என்ன

அதே அறிவிப்பில் பிறந்த வி-12 திட்டத்தைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு விளங்கும். 1943 ஜூலை 1 அன்று 131 கல்லூரிகளில் அது தொடங்கியது. கடற்படைக்குப் புதுப்புதுக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகள் தேவை. ஆகவே வி-12 மாணவனுக்குப் பாதை நேரானது: கல்லூரியில் சில பருவங்கள், பிறகு அதிகாரிப் பயிற்சிப் பள்ளி, பிறகு என்சைன் என்ற இளநிலை அதிகாரிப் பதவி. மரீன் படைக்குப் போகிறவர்களுக்கும் இதே போல ஒரு வழி. மற்ற மாணவர்களோடு சேர்ந்து வழக்கமான வகுப்புகளிலேயே படித்தார்கள். 1946 ஜூனில் முடியும்வரை சுமார் 1,25,000 பேர் இதில் சேர்ந்து, 60,000 பேர் அளவுக்கு அதிகாரிகளாக வெளியே வந்தார்கள்.

சின்ன விஷயங்களிலும் இரண்டும் வேறு. கடற்படை தன் மாணவர்களைக் கல்லூரிகளின் அமெரிக்க ஃபுட்பால் அணிகளில் ஆட விட்டது, தரைப்படை தடுத்தது. 1943-இல் ஒரு தோல்வியும் இல்லாமல் சீசனை முடித்த பர்ட்யூ பல்கலைக்கழக அணி, அங்கே பயிற்சிக்கு வந்திருந்த மரீன்களால் பலம் பெற்ற அணி. இதைவிட முக்கியமானது, வி-12-இல் நிறப் பிரிவினை விதி இல்லை. சாமுவேல் கிரேவ்லி என்ற கறுப்பின இளைஞர் அந்த வழியாக 1944 டிசம்பரில் அதிகாரி ஆனார். 1971-இல் அமெரிக்கக் கடற்படையின் முதல் கறுப்பின அட்மிரலும் அவரே.

இரண்டு திட்டத்துக்கும் கல்லூரிகள் ஒன்று, பேராசிரியர்கள் ஒன்று, பையன்களும் ஒரே மாதிரிப் பையன்கள்தான். வி-12-இல் கடைசிப் படிக்கட்டு எங்கே போய் முடிகிறது என்று முதல் நாளே தெரியும். ஏ.எஸ்.டி.பி.யில் தெரியாது. ஆள் பற்றாக்குறை வந்தபோது எந்தத் திட்டத்தின் மேல் கை வைப்பார்கள் என்பதை இதுவே தீர்மானித்தது.

கலைந்த வகுப்புகள்

1943 இறுதியில் கணக்கு உதைத்தது. படையின் அளவு 77 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. இத்தாலியில் இழப்புகள் கூடிக்கொண்டிருந்தன. ஆள்சேர்ப்பு அலுவலகங்களால் மாதாமாதம் கேட்ட எண்ணிக்கையைத் தர முடியவில்லை. ஏற்கெனவே அடிப்படைப் பயிற்சி முடித்த, இளம் வயது, நல்ல உடல்கட்டு, கூர்மையான புத்தி உள்ள ஒன்றரை லட்சம் பேர் ஒரே இடத்தில் இருந்தார்கள் என்றால் அது ஏ.எஸ்.டி.பி.தான்.

பிப்ரவரியில் அறிவிப்பு: ஏப்ரல் 1-க்குள் எண்ணிக்கை 35,000-ஆகக் குறைய வேண்டும். மருத்துவம், பல் மருத்துவம், மேல்நிலைப் பொறியியல், சில மொழிகள் ஆகியவற்றில் இருந்தவர்களும், 18 வயது ஆகாத முன்பயிற்சி மாணவர்களும் தப்பித்தார்கள். மற்றவர்கள் கிளம்ப வேண்டும். கல்லூரிகள் இதற்காகவே எடுத்த ஆசிரியர்களுக்கு வேலை போனது, விடுதிகள் ஒரே மாதத்தில் காலியாயின.

தரைப்போர்ப் படைகளுக்குப் போனவர்கள் மட்டும் 70,000-க்கும் மேல். 35 டிவிஷன்களுக்கு, சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 1,500 பேருக்கு மேல். அங்கே இவர்கள் போய்ச் சேர்ந்தபோது சார்ஜென்ட், கார்ப்பரல் இடங்கள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. 115 மதிப்பெண் வாங்கியவன் 90 வாங்கியவனின் கீழே சாதாரணச் சிப்பாய். 'காலேஜ் பையன்' என்ற ஏளனம் முதல் சில வாரங்கள் ஓயவில்லை. ஆனால் டிவிஷன்களின் தரம் இவர்கள் வந்த பிறகு நன்றாக உயர்ந்தது என்று படையின் அதிகாரபூர்வ வரலாறே பதிவு செய்திருக்கிறது. மக்நேர் சொன்னது ஒரு வகையில் உண்மையானது. அந்த உண்மைக்கு விலை கொடுத்தவர்கள் பத்தொன்பது வயதுக்காரர்கள்.

இப்படி நிரப்பப்பட்டவற்றில் ஒன்று 106-ஆவது காலாட்படை டிவிஷன். அதன் பயிற்சி பெற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் வேறு பிரிவுகளுக்கு எடுக்கப்பட்டு, அந்த இடங்களில் கல்லூரியிலிருந்து வந்தவர்களும் மற்றவர்களும் போடப்பட்டார்கள். 1944 டிசம்பர் நடுவில் பெல்ஜியம்–ஜெர்மனி எல்லையில், அமைதியான பகுதி என்று கருதப்பட்ட ஷ்னே ஐஃபல் மலைத்தொடரில், நீண்ட ஒரு முனையில் அந்த டிவிஷனை நிறுத்தினார்கள். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 16 அன்று ஜெர்மனியின் கடைசிப் பெருந்தாக்குதல் அந்தப் பகுதியின் மேலேயே விழுந்தது. மூன்றே நாளில் இரண்டு ரெஜிமென்டுகள் சூழப்பட்டுச் சரணடைந்தன. பிடிபட்டவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். கார்னகி தொழில்நுட்பக் கழகத்திலும் டென்னசி பல்கலைக்கழகத்திலும் ஏ.எஸ்.டி.பி.யில் இயந்திரப் பொறியியல் படித்து, பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆன கர்ட் வானகட் அவர்களில் ஒருவர். போர்க்கைதியாக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டு, குண்டுவீச்சில் அந்த நகரம் எரிந்ததை அங்கிருந்தே பார்த்தவர்.

பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஆன ஹென்றி கிஸிஞ்சரும் இந்தக் கூட்டத்தில் இருந்தவரே. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பத்துப் பையன், பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரியில் பொறியியல் படிக்கப் போனார். திட்டம் கலைந்ததும் லூசியானாவில் இருந்த 84-ஆவது டிவிஷனில் சிப்பாய். அங்கே ஃப்ரிட்ஸ் கிரேமர் என்ற இன்னொரு ஜெர்மானியர் அவருடைய திறமையைக் கண்டுபிடிக்க, உளவுப் பணிக்கு மாறி, அவருடைய வாழ்க்கையே திரும்பியது. புரூக்ளின் கல்லூரியில் இருந்த பாப் டோல், 10-ஆவது மலைப் படைப்பிரிவோடு இத்தாலியில் போரிட்டு 1945 ஏப்ரலில் படுகாயம் அடைந்தார். வலது கையை அதன் பிறகு அவரால் சரியாகப் பயன்படுத்த முடியவில்லை. பிற்காலத்தில் செனட்டராகவும் 1996-இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராகவும் நாடு அறிந்த மனிதர்.

எல்லாரும் காலாட்படைக்குப் போகவில்லை. அணுகுண்டுத் திட்டத்துக்கு அறிவியல் தெரிந்த வீரர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அதற்கென்று அமைந்த சிறப்புப் பொறியாளர் பிரிவு ஏ.எஸ்.டி.பி.யிலிருந்து ஆட்களைப் பொறுக்கியது. நியூயார்க் சிட்டி கல்லூரியில் மின்பொறியியல் படித்த ஜார்ஜ் கோவல் அப்படித்தான் 1944-இல் அந்தத் திட்டத்தின் கூடங்கள் இருந்த ஓக் ரிட்ஜ் போனார், அப்புறம் டேட்டன். அணுக்கூடங்களுக்குள் தாராளமாகப் போய்வரும் வேலை. அவர் சோவியத் ராணுவ உளவுத் துறை அனுப்பிய ஒற்றர் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 2007-இல், அவர் இறந்த மறு ஆண்டு, ரஷ்யா அவருக்கு நாட்டின் உயரிய வீரப் பட்டத்தை அறிவித்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. படைவீரன் படிக்கத்தான் வந்தான் என்பதால் யாரும் பெரிதாகத் துருவவில்லை போலும்.

மொழி வகுப்புகள் விட்டுச் சென்றது

திட்டத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது மொழிப் பிரிவு. எண்ணிக்கையில் சிறியது, பலனில் பெரியது.

போருக்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் மொழி என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன். இலக்கணம் படித்து, மொழிபெயர்த்து, வாசிக்கக் கற்பார்கள். பேச வராது. ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளுக்கு ஆசிரியர்களும் இல்லை, பாடநூல்களும் இல்லை. இந்தக் குறையை முன்கூட்டியே கண்டு, அறிஞர் மன்றங்களின் கூட்டமைப்பு ஒன்று 1941-லேயே தீவிர மொழிப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எழுத்தே இல்லாத அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்து பழகிய மொழியியலாளர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் முறை எளிமையானது. அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். அவர் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு மொழியியலாளர் இருந்து ஒலிகளையும் அமைப்பையும் விளக்குவார். மாணவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து, அந்தத் தாய்மொழிக்காரரைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, மறுபடி கேட்டு, மறுபடி சொல்லி, நாள்தோறும் மணிக்கணக்கில் பழகுவார்கள். ஏ.எஸ்.டி.பி. இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. சில மாதங்களில் பையன்கள் பேசத் தொடங்கியதைப் பார்த்துப் பத்திரிகைகள் வியந்து எழுதின. 'ராணுவ முறை' என்றே அதற்குப் பெயர் வந்தது. போருக்குப் பின் உலகெங்கும் மொழி ஆய்வகங்களில் பரவிய 'கேட்டுப் பேசும்' முறைக்கு இதுவே முக்கிய வேர்களில் ஒன்று. எந்த மந்திரமும் அதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொறுக்கி எடுத்த புத்திசாலிகள், வாரம் முழுக்கப் பயிற்சி, சிறு வகுப்பு. இந்த மூன்றும் இல்லாத சாதாரணப் பள்ளிகளில் அதே முறை அதே பலனைத் தரவில்லை.

பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வீரர்களுக்கு வியட்நாமிய மொழி கற்பித்தவரைத் தமிழ் மொழியியல் படித்தவர்கள் அறிவார்கள்: முர்ரே எமனோ. 1935 முதல் 1938 வரை நீலகிரியிலும் குடகிலும் நடு இந்தியாவிலும் தங்கி தோடர், கோத்தர், குடகு, கோலாமி மொழிகளை ஆராய்ந்துவிட்டுத் திரும்பியவர். 1940-இல் பெர்க்லியில் சமஸ்கிருதமும் பொது மொழியியலும் கற்பிக்கச் சேர்ந்தார். போர் வந்ததும் வியட்நாமிய மொழிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நீலகிரியில் தோடர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய அதே பழக்கத்தோடு, வியட்நாமியர்களிடம் கேட்டுக் கேட்டே அந்த மொழியின் அமைப்பைப் பிடித்துப் பாடமாக்கினார். அகராதியும் தொகுத்தார், பிறகு 1951-இல் இலக்கண நூலும் வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் மேரி ஹாஸ் தாய்லாந்து மொழி கற்பித்தார். போர் முடிந்ததும் எமனோ தன் திராவிட மொழிகளுக்கே திரும்பினார். தாமஸ் பரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-இல் வெளிவந்தது. தமிழ்ச் சொல் ஒன்றின் உறவுகளைத் தேடுகிறவர்கள் இன்றும் முதலில் புரட்டுவது அதைத்தான்.

பகுதிப் படிப்பு என்று இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கும் துறைகளும் இந்தப் போர்க்கால அனுபவத்தில் வலுப்பெற்றவை. ஒரு நாட்டின் மொழி, வரலாறு, புவியியல், சமூகம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் படிப்பது என்ற ஏற்பாட்டை ஏ.எஸ்.டி.பி. வகுப்புகள் நடைமுறையில் செய்து காட்டின. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியர் நார்மன் பிரவுன், போர்க்காலத்தில் அரசின் உளவு ஆய்வு அலுவலகத்தில் பணியாற்றிவிட்டு வந்து, 1948-இல் தெற்காசியத் துறையைத் தொடங்கினார். அமெரிக்காவில் அந்த வகையில் முதலாவது அது. 1957-இல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்த அதிர்ச்சியில் மறு ஆண்டு வந்த தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், இத்தகைய மையங்களுக்கு அரசுப் பணத்தைத் திறந்துவிட்டது. தமிழும் அந்தப் பணத்தில் பயன்பெற்ற மொழிகளில் உண்டு. சிகாகோவிலும் பென்சில்வேனியாவிலும் தமிழ் வகுப்புகள் தொடர்ந்து நடந்ததற்குப் பின்னால் அது இருந்தது.

இந்தப் பலன்களைக் காட்டி, திட்டம் வெற்றிதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மொழிப் பிரிவில் பயன் வந்ததற்கே காரணம், அங்கே எதற்காகப் படிக்கிறோம் என்பது தெளிவாக இருந்தது. மருத்துவப் பிரிவிலும் அப்படியே. படையெல்லாம் ஆள் இல்லாமல் தவித்தபோதும் மருத்துவ மாணவர்களின் மேல் யாரும் கை வைக்கவில்லை. அடிப்படைப் பொறியியல் என்ற பெரிய பகுதியில்தான் முடிவே இல்லாத படிப்பு நடந்தது, அங்கிருந்துதான் பெரும்பாலானவர்கள் பதுங்குகுழிக்குப் போனார்கள். திறமையைப் பாராட்டித் தேர்ந்தெடுக்கிறோம் என்று சொல்லி அழைத்து, அந்தத் திறமைக்கு ஒரு இடமும் ஒதுக்காமல் விட்ட அரசு, தன் இளைஞர்களிடம் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை.

போர் முடிந்து உயிரோடு திரும்பியவர்களுக்கு இன்னொரு வழி காத்திருந்தது. 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் நலச் சட்டம், ஜி.ஐ. பில், கல்லூரிக் கட்டணத்தையும் மாதப் படித்தொகையையும் தந்தது. இதன்படி 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். 1947-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். இதில் எந்தப் பாடம், எந்தக் கல்லூரி என்பதை வீரனே முடிவு செய்தான், உரிமை சட்டமாக அவன் கையில் இருந்தது. எந்தத் தளபதியும் ஒரு குறிப்பு எழுதி அதை நிறுத்த முடியாது. ஏ.எஸ்.டி.பி.யில் முடித்த பருவங்களுக்குப் பல கல்லூரிகள் மதிப்பு கொடுத்தன. அவர்களில் பலர் 1944 மார்ச்சில் விட்ட பாடத்தை 1946-இல் அங்கிருந்தே தொடர்ந்தார்கள்.